தில்லி விமானப்படை அருங்காட்சியகத்தின் லிபரேட்டர்: காயலான் கடைக்குப் போகாமல் தப்பிய கதை

எனக்கு வந்த கேள்வியில் மூன்று பகுதிகள் இருக்கின்றன. தில்லியில் பாலம் விமானத் தளத்தை ஒட்டி இந்திய விமானப்படை நடத்திவரும் அருங்காட்சியகத்தின் திறந்தவெளியில் நிற்கும் லிபரேட்டர் என்ற நான்கு என்ஜின் குண்டுவீச்சு விமானம் உண்மையானதா, காட்சிக்காகச் செய்த மாதிரியா என்பது முதலாவது. அமெரிக்காவிலேயே அரிதாகிவிட்ட விமானம் இந்தியாவின் கைக்கு எப்படி வந்தது என்பது இரண்டாவது. இவ்வளவு அரிய பொருளை ஏன் வெயிலிலும் மழையிலும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்பது மூன்றாவது.

முதல் பகுதிக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். அது உண்மையான விமானம்தான்; இரண்டாம் உலகப்போருக்காக அமெரிக்காவில் கட்டப்பட்ட பி-24 லிபரேட்டர், ஜே வகையைச் சேர்ந்தது, இந்திய விமானப்படையில் எச்.இ. 924 என்ற எண்ணைத் தாங்கிப் பறந்தது. இரண்டாவது பகுதிக்குத்தான் விரிவான பதில் வேண்டும். ஏனென்றால் இந்தியா இதை அமெரிக்காவிடமிருந்து விலைக்கு வாங்கவில்லை, பிரிட்டன் இதை அன்பளிப்பாகவும் கொடுக்கவில்லை. இனி யாரும் பறக்கவே கூடாது என்று வேண்டுமென்றே உடைத்துப் போட்டுவிட்டுப் போன விமானங்களின் குவியலிலிருந்து இது மீட்கப்பட்டது.

அந்தக் கதைக்கு முன்னால் விமானத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. 1930-களின் இறுதியில் அமெரிக்க ராணுவம், போயிங் வடிவமைத்த பி-17 குண்டுவீச்சு விமானங்களைத் தன் ஆலையிலும் கட்டித்தர முடியுமா என்று கன்சாலிடேட்டட் நிறுவனத்தைக் கேட்டது. அடுத்தவர் வடிவமைப்பைப் பார்த்துக் கட்டுவதைவிடத் தாங்களே மேலான ஒன்றை வடிவமைத்துத் தருவதாக அந்நிறுவனம் பதில் சொன்னது. அதன் விளைவாகப் பிறந்த முதல் லிபரேட்டர் 1939 டிசம்பர் 29 அன்று சான் டியேகோவில் பறந்தது. ஐரோப்பாவில் போர் தொடங்கி அப்போது நான்கு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

போர் முடிவதற்குள் 18,000-க்கும் மேற்பட்ட லிபரேட்டர்கள் கட்டப்பட்டன. அமெரிக்காவின் ராணுவ விமானங்களில் வேறெதுவும் இந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை. ஐந்து ஆலைகள் இதைக் கட்டின; அவற்றுள் மிச்சிகன் மாநிலத்தின் வில்லோ ரன் என்னுமிடத்தில் ஃபோர்டு கார் நிறுவனம் நடத்திய ஆலை, 1944-இல் உச்சத்தில் இருந்தபோது, ஏறக்குறைய மணிக்கு ஒன்று என்ற வேகத்தில் விமானங்களை வெளியே தள்ளியது. இப்படி ஆயிரக்கணக்கில் வந்த பொருளைப் பத்திரப்படுத்த வேண்டும் என்று அந்தக் காலத்தில் யாருக்கும் தோன்றாததில் வியப்பில்லை.

பாலம் அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் விமானத்தின் பக்கவாட்டில் நின்று அதன் இறக்கையை முதலில் கவனிக்க வேண்டும். நுனிக்கு நுனி 33.5 மீட்டர் நீளமுள்ள அந்த இறக்கை, உடலின் மேல்விளிம்பை ஒட்டிப் பொருத்தப்பட்டிருக்கிறது. நீளத்தோடு ஒப்பிட்டால் அதன் அகலம் மிகக் குறைவு. டேவிட் டேவிஸ் என்பவர் வகுத்த வடிவம் என்பதால் இதை டேவிஸ் இறக்கை என்பார்கள். காற்றின் இழுவை இதில் குறைவு, ஆகவே அதே எரிபொருளில் அதிகத் தொலைவு போகலாம். லிபரேட்டரின் புகழ் முழுவதும் இந்த ஒரு குணத்தின்மேல்தான் நிற்கிறது. அதே இறக்கைதான் அதன் பலவீனமும்கூட: குண்டடி பட்டால் பி-17 விமானத்தின் அகன்ற இறக்கை தாங்கிக்கொள்ளும் அளவுக்கு இது தாங்காது.

அடுத்து வயிற்றுப் பகுதியைப் பாருங்கள். பெரும்பாலான குண்டுவீச்சு விமானங்களில் குண்டறைக் கதவுகள் கீழ்நோக்கித் திறந்து காற்றில் தொங்கும். லிபரேட்டரின் கதவு அப்படியன்று. கடைத்தெருவில் ஷட்டரைச் சுருட்டித் தூக்குவதுபோல, நெளிநெளியான தகடு உடலின் வெளிப்பக்கமாக மேலே ஏறிக்கொள்ளும். கதவு திறந்திருந்தாலும் வேகம் பெரிதாகக் குறையாது. உள்ளே, குண்டுகள் தொங்கும் அடுக்குகளுக்கு நடுவே, விமானத்தின் முன்பகுதியையும் பின்பகுதியையும் இணைக்க ஓர் அடிக்கும் குறைவான அகலத்தில் ஒரே ஒரு நடைப்பலகை ஓடும். கனத்த உடையும் பாராசூட்டும் அணிந்த ஒருவர் அதில் பக்கவாட்டாகத்தான் நகர முடியும். தரையிலிருந்து வயிறு எவ்வளவு தாழ்வாக இருக்கிறது என்பதைப் பார்த்தாலே, எட்டுப் பத்துப் பேர் கொண்ட குழு இதற்குள் ஏறுவதும், ஆபத்தில் இதிலிருந்து வெளியேறுவதும் எப்படி இருந்திருக்கும் என்பது புரியும்.

நெடுந்தொலைவு பறக்கும் இந்தத் திறன்தான் லிபரேட்டரை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. பர்மாவையும் தாய்லாந்தையும் ஜப்பானியர் பிடித்திருந்த காலத்தில், வங்காளத்திலிருந்து கிளம்பி அங்கே குண்டு வீசிவிட்டுத் திரும்பிவர இதைவிடப் பொருத்தமான விமானம் பிரிட்டிஷ் விமானப்படையிடம் இல்லை. 1944, 1945 ஆண்டுகளில் சல்பானி, டிக்ரி, துபாலியா போன்ற வங்காளத் தளங்களிலிருந்து லிபரேட்டர் ஸ்குவாட்ரன்கள், அதாவது விமானப் பிரிவுகள், இயங்கின. அவற்றின் இலக்குகளில் ஒன்று சயாம்–பர்மா ரயில்பாதை. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் பல்லாயிரக்கணக்கில் உழைத்து மடிந்த மரண ரயில்வேதான் அது. அந்த ரயில்பாதையின் பாலங்கள்மேல் விழுந்த குண்டுகள், பக்கத்து முகாம்களில் அடைபட்டிருந்தவர்களையும் விட்டுவைக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

தமிழர் வாழும் நிலத்திலிருந்தும் இவை பறந்திருக்கின்றன. பிரிட்டிஷ் விமானப்படையின் 200-ஆம் ஸ்குவாட்ரன் 1944-இல் சென்னைப் பரங்கிமலையிலிருந்து வங்கக் கடலின்மேல் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடி ரோந்து போனது. 160-ஆம் ஸ்குவாட்ரன் இலங்கையில் சிகிரியா, மின்னேரியா, காங்கேசன்துறை ஆகிய தளங்களில் இருந்தது. 1945-இல் அதன் விமானங்கள் மின்னேரியாவிலிருந்து சிங்கப்பூர்த் துறைமுகம்வரை போய்க் கடல் கண்ணிகளைப் போட்டுவிட்டு, இடையில் எங்கும் இறங்காமல் திரும்பின. ஒரு பயணத்துக்கு 20 மணி நேரத்துக்கும் மேல் ஆகும். இன்றைய பயணிகள் விமானத்திலேயே அவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பதற்கு நாம் அலுத்துக்கொள்கிறோம். இவர்களோ சூடும் அழுத்தமும் கட்டுப்படுத்தப்படாத உலோகக் கூட்டுக்குள் உட்கார்ந்து போய்வந்தார்கள்.

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. இந்த விமானங்கள் பிரிட்டனுக்கு அமெரிக்கா கடன்–குத்தகை ஏற்பாட்டில் கொடுத்தவை. போர் முடிந்த பிறகு மிஞ்சியிருப்பதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், வைத்துக்கொண்டால் விலை கொடுக்க வேண்டும், இரண்டும் இல்லையென்றால் அழித்துவிட வேண்டும். பிரிட்டனின் கஜானா காலியாக இருந்தது. திரும்பப் பெறுவதில் அமெரிக்காவுக்கு ஆர்வமில்லை. பி-29 என்ற புதிய குண்டுவீச்சு விமானம் வந்துவிட்ட பிறகு, ஜெட் விமானங்கள் தலைகாட்டத் தொடங்கிய பிறகு, பிஸ்டன் என்ஜின் ஓடும் பழைய குண்டுவீச்சு விமானத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அமெரிக்காவிலேயே அரிசோனா மாநிலத்தின் கிங்மன் பாலைவனத்தில் ஆயிரக்கணக்கான குண்டுவீச்சு விமானங்களை வெட்டி உலையில் போட்டு அலுமினியக் கட்டிகளாக்கிக்கொண்டிருந்தார்கள். ஆக, பேரீச்சம்பழத்துக்குப் போடுவது ஒன்றே வழி என்று ஆயிற்று.

இந்தியாவில் இருந்த லிபரேட்டர்கள் கான்பூரின் சக்கேரி தளத்துக்குக் கொண்டுவரப்பட்டு வரிசையாக நிறுத்தப்பட்டன. அவை மறுபடி பறந்துவிடக் கூடாது என்பதற்காகக் கருவிகளை அடித்து நொறுக்கினார்கள், எரிபொருள் தொட்டிகளைத் துளைத்தார்கள், என்ஜின்களுக்குள் மண்ணைக் கொட்டினார்கள், சிலவற்றைக் கனரக வாகனங்களால் இடித்து நசுக்கினார்கள். எல்லா விமானங்களும் ஒரே அளவு சிதைக்கப்படவில்லை. நூறு இயந்திரங்களைப் பாழாக்குவதும் அலுப்பூட்டும் வேலைதான் போலும். வரிசையின் ஒரு முனையில் முற்றிலும் நொறுங்கியவையும், மறுமுனையில் பேருக்குச் சேதப்படுத்தப்பட்டவையும் கிடந்தன. பிற்காலத்தில் நடந்த மீட்புக்கு இந்த ஏற்றத்தாழ்வு பெரிதும் உதவியது.

1947-இல் நாடு பிரிந்தது, விமானப்படையும் பிரிந்தது. அக்டோபரில் காஷ்மீரில் சண்டை மூண்டபோது இந்தியாவிடம் ஸ்பிட்ஃபயர், டெம்பெஸ்ட் முதலிய சண்டை விமானங்கள் இருந்தன, டகோட்டா என்ற போக்குவரத்து விமானங்கள் இருந்தன, ஆனால் கனரகக் குண்டுவீச்சு விமானம் ஒன்றுகூட இல்லை. டகோட்டாவின் பக்கக் கதவு வழியாக ஆட்களே குண்டுகளை உருட்டிக் கீழே தள்ளிய நிகழ்ச்சிகளெல்லாம் அப்போது நடந்தன. வெளிநாட்டில் புதிதாக வாங்க அந்நியச் செலாவணி இல்லை. இருந்தாலும் உடனே கொடுப்பாரில்லை. அந்த நெருக்கடியில்தான் கான்பூரில் புல் முளைத்துக் கிடந்த குவியல் நினைவுக்கு வந்தது.

இதைப் பழுதுபார்க்க முடியும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதை விளக்காமல் கதையைச் சொல்கிறவர்கள், இதை ஏதோ அற்புதம்போல ஆக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. காரணம் வெகு தெளிவானது. தொழிலதிபர் வால்சந்த் ஹீராசந்த் மைசூர் சமஸ்தானத்தின் ஆதரவோடு 1940 டிசம்பரில் பெங்களூரில் தொடங்கிய ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனம், போர்க்காலத்தில் அமெரிக்க விமானப்படையின் பழுதுபார்ப்பு மையமாகவே இயங்கியது. லிபரேட்டர், மிட்செல், டகோட்டா, கேட்டலினா என்று கிழக்காசியப் போர்முனையிலிருந்து அடிபட்டு வந்த விமானங்களை முழுவதுமாகப் பிரித்து, என்ஜினைத் திறந்து சுத்தம் செய்து, தகடு மாற்றி, மறுபடி பூட்டிப் பறக்க அனுப்பும் வேலையைப் பெங்களூர்த் தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்கில் செய்திருந்தார்கள். எந்த இடத்தில் எந்த ரிவெட் ஆணி, எந்தக் குழாயில் எந்தத் திரவம் என்பது அவர்களுக்குக் கைப்பாடம். 1948-இல் அவர்கள் கான்பூருக்குப் போனபோது பார்த்தது தெரியாத இயந்திரத்தை அன்று, பழகிய இயந்திரத்தின் சிதைந்த உடலை.

முழுப் பழுதுபார்ப்பையும் கான்பூரிலேயே செய்ய அங்கே வசதி இல்லை. ஆகவே ஒரு விமானத்தின் என்ஜின், இன்னொன்றின் சுக்கான், மூன்றாவதின் சக்கரம் என்று பொறுக்கிச் சேர்த்து, ஒரே ஒரு பயணத்தைத் தாங்கினால் போதும் என்ற அளவில் ஒவ்வொன்றையும் தேற்றினார்கள். அந்த ஒரே பயணம் கான்பூரிலிருந்து பெங்களூருக்கு, ஏறக்குறைய 1,500 கிலோமீட்டர். நிறுவனத்தின் பரிசோதனை விமானி ஜம்ஷெட் முன்ஷி அந்த விமானங்களை ஓட்டிச் சென்றார். எட்டுப் பத்துப் பேர் இயக்க வேண்டிய விமானத்தில் மிகச் சிறிய குழுவோடு, பாதிக் கருவிகள் நம்பத் தகாதவையாக இருக்க, மண் கொட்டிக் கழுவப்பட்ட என்ஜின்களை நம்பிப் பறப்பதற்கு என்ன துணிச்சல் வேண்டும் என்பதை விமானத் தொழிலில் இருப்பவர்கள் நன்கு அறிவார்கள். ஒருமுறை செய்தால் துணிச்சல். மறுபடி ரயிலேறிக் கான்பூர் போய் அடுத்ததை எடுத்துவருவது வேறு வகைத் திறமை. இதே முன்ஷிதான் 1951 ஆகஸ்டில், வி. எம். காட்கே வடிவமைத்த எச்.டி.-2 என்னும் முதல் இந்தியப் பயிற்சி விமானத்தையும் முதன்முதலில் பறக்கவிட்டார்.

பெங்களூரில் அவை முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டன. 1948 நவம்பர் 2 அன்று கான்பூரில் தொடங்கப்பட்ட 5-ஆம் ஸ்குவாட்ரன், இந்தியாவின் முதல் கனரகக் குண்டுவீச்சுப் பிரிவு, இந்த விமானங்களைத்தான் பெற்றது. மொத்தத்தில் நாற்பது அளவிலான லிபரேட்டர்கள் இப்படி உயிர்பெற்றன. 1951-இல் கடல் கண்காணிப்புக்கென 6-ஆம் ஸ்குவாட்ரனும் புனேயில் இவற்றைக் கொண்டு அமைக்கப்பட்டது. 1957-இல் கேன்பெரா ஜெட் குண்டுவீச்சு விமானங்கள் வந்ததும் 5-ஆம் ஸ்குவாட்ரன் அவற்றுக்கு மாறிக்கொண்டது. கடலைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் மட்டும் லிபரேட்டர் தொடர்ந்தது. 1968 டிசம்பர் கடைசியில்தான் இறுதி விமானமும் ஓய்வுபெற்றது. அமெரிக்காவும் பிரிட்டனும் கைவிட்டு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழிந்தும் லிபரேட்டரைப் படையில் வைத்துப் பறக்கவிட்ட கடைசி நாடு இந்தியாதான்.

இந்த இடத்தில்தான் கதை பாலத்தின் வேலியைத் தாண்டிப் போகிறது. 1960-களின் இறுதியில் மேலை நாடுகளில் விமான அருங்காட்சியகங்கள் விரிவடையத் தொடங்கின. போரில் பெரும்பங்காற்றிய லிபரேட்டர் ஒன்று வேண்டும் என்று தேடியபோது, தங்கள் நாட்டில் அநேகமாக எல்லாவற்றையும் உருக்கிவிட்டோம் என்பது அவர்களுக்கு உறைத்தது. பறக்கும் நிலையில் இருந்தவற்றுள் பெரும்பாலானவை இந்தியாவில்தான் இருந்தன. இன்று உலகில் முழு உருவத்தோடு மிஞ்சியிருக்கும் லிபரேட்டர்கள் ஒரு டஜனைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். அவற்றுள் பாலத்தில் இருப்பதையும் சேர்த்துக் குறைந்தது ஆறு, இந்திய விமானப்படையில் இருந்தவை.

கனடா 1968-இல் ஒன்றைப் பெற்றுக்கொண்டது. அது ஒட்டாவா விமான அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்கு ஈடாகக் கனடா கொடுத்தது ஒரு லைசாண்டர் விமானம். 1941-இல் இந்திய விமானப்படையின் 1-ஆம் ஸ்குவாட்ரன் பெற்றுக்கொண்டு, அடுத்த ஆண்டு பர்மாவில் ஜப்பானியருக்கு எதிராகப் பறந்தது இதே வகை விமானத்தில்தான். ஆனால் பாலம் அருங்காட்சியகம் அமைந்த காலத்தில் இந்தியாவிடம் லைசாண்டர் இல்லை, கனடாவிடம் இருந்தது. கனடாவுக்கு வேண்டிய லிபரேட்டர் இந்தியாவிடம் இருந்தது. ஆகவே பாலத்தின் லைசாண்டரையும் ஒட்டாவாவின் லிபரேட்டரையும் ஒரே பரிமாற்றத்தின் இரு பாதிகளாகவே பார்க்க வேண்டும்.

அரிசோனாவின் டூசான் நகரில் உள்ள பீமா அருங்காட்சியகத்துக்கு ஒன்று 1969-இல் இந்தியாவிலிருந்து பறந்தே போய்ச் சேர்ந்தது. பிரிட்டனின் ராயல் ஏர் ஃபோர்ஸ் அருங்காட்சியகத்துக்கு 1974-இல் இந்தியா அன்பளிப்பாகக் கொடுத்ததும் சொந்த இறக்கையிலேயே போனது. 1945-இல் கோகோஸ் தீவுகளிலிருந்து 99-ஆம் ஸ்குவாட்ரனுக்காகப் பறந்த விமானம் அது. அழித்துவிடும்படி இந்தியாவில் போட்டுவிட்டுப் போனதையே பிரிட்டன் கால் நூற்றாண்டுக்கும் மேல் கழித்து மரியாதையோடு திரும்பப் பெற்றுக்கொண்டது. இன்னொன்று ஃபுளோரிடாவில் ஒரு தனியார் சேகரிப்பில் இருக்கிறது. ஆறாவது, ஓய்வுபெற்ற பின் பெங்களூரில் பல ஆண்டுகள் வெறுமனே கிடந்து, 1981-இல் பிரிட்டிஷ் சேகரிப்பாளர் ஒருவரால் வாங்கப்பட்டு, பிரித்துச் சரக்கு விமானத்தில் ஏற்றப்பட்டு இங்கிலாந்து போய், பின்னர் அமெரிக்காவின் காலிங்ஸ் அறக்கட்டளைக்குக் கைமாறி, 1989-இல் மறுபடி வானில் ஏறியது.

முதல் கேள்விக்கு நான் ஒரே வரியில் சொன்ன பதிலைச் சற்று விரிக்க வேண்டிய இடம் இது. உண்மையான விமானம் என்று நாம் எதைச் சொல்கிறோம்? கான்பூரில் பல உடல்களிலிருந்து உறுப்புகளை எடுத்துப் பூட்டிய விமானத்தில், அமெரிக்க ஆலையிலிருந்து வெளிவந்த நாளில் இருந்த பாகங்கள் அனைத்தும் இருக்க வழியில்லை. அதற்குப் பின் இருபது ஆண்டுகள் பறந்த காலத்தில் என்ஜின்கள் மாறியிருக்கும், டயர்கள் மாறியிருக்கும், தகடுகள் ஒட்டுப் போடப்பட்டிருக்கும். உழைத்த விமானம் எதுவானாலும் இப்படித்தான். உடற்கூட்டில் பதித்த ஆலைத் தகட்டின் எண்ணும் பராமரிப்புப் பதிவேடும்தான் அதன் அடையாளத்தைத் தொடர்ச்சியாகக் காப்பாற்றுகின்றன. எந்தப் பாகமும் மாறாத போர்விமானம் ஒன்று உங்கள் கண்ணில் பட்டால், அது அதிகம் பறக்காதது என்று பொருள்.

நான் உண்மைத்தன்மையைப் பற்றிக் குறை சொல்வதென்றால், அது பாகங்களைப் பற்றியதாக இராது, வண்ணப்பூச்சைப் பற்றியதாக இருக்கும். பீமாவில் உள்ள விமானம், இங்கிலாந்தின் பங்கே தளத்திலிருந்து ஜெர்மனிமேல் பறந்த அமெரிக்கப் பிரிவைக் குறிக்கும் பங்கே பக்கரூ என்ற பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்தப் பிரிவோடு அதற்கு எந்தத் தொடர்பும் இருந்ததில்லை, அது பறந்தது பிரிட்டனுக்கும் இந்தியாவுக்கும். காலிங்ஸ் விமானமோ மூன்று முறை வேடம் மாற்றிக்கொண்டது: முதலில் ஆல் அமெரிக்கன், பிறகு பசிபிக் பகுதியில் பறந்த ஒரு விமானத்தின் டிராகன் ஓவியம், அதன் பின் 130 குண்டுவீச்சுப் பயணங்களை முடித்த விட்ச்கிராஃப்ட் என்ற புகழ்பெற்ற விமானத்தின் தோற்றம். போரில் இறந்த தங்கள் வீரர்களை நினைவுகூர அமெரிக்கர்கள் விரும்புவதில் தவறில்லை. ஆனால் அந்த விமானம் மிஞ்சியதே இந்திய விமானப்படையின் வட்டச்சின்னத்தோடு இருபது ஆண்டுகள் உழைத்ததால்தான் என்பது அந்தப் பூச்சுக்கு அடியில் மறைந்துபோகிறது. பாலத்தில் உள்ளது தான் உழைத்த படையின் அடையாளத்தோடு இருக்கிறது. பராமரிப்பில் மேலை நாட்டு விமானங்கள் பலபடி மேல்; வரலாற்றுக்கு நேர்மையாக இருப்பதில் பாலத்து விமானத்தையே நான் முதலில் வைப்பேன்.

லிபரேட்டரைப் பற்றிக் கேட்டதால் அதையே பேசிக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் அங்கே போகிறவர்கள் கூரைக்குள் இருக்கும் வாபிட்டி விமானத்தைத் தவறவிடக் கூடாது. 1933 ஏப்ரல் 1 அன்று கராச்சியின் டிரிக் ரோடு தளத்தில் இந்திய விமானப்படையின் முதல் பிரிவு தொடங்கியபோது அதனிடம் இருந்தவை நான்கு வாபிட்டி விமானங்கள், இந்திய விமானிகள் சிலர், ஹவாய் சிப்பாய்கள் என்று அழைக்கப்பட்ட தரைப்பணியாளர்கள் 19 பேர். துணி போர்த்திய இரட்டை இறக்கைகளும், திறந்த இருக்கைகளும், மூக்கில் சிலிண்டர்கள் வெளித்தெரியும் ஜூபிட்டர் என்ஜினும் கொண்ட அந்த வகையில் இன்று உலகில் மிஞ்சியிருப்பது பாலத்தில் உள்ள ஒன்றுதான். லிபரேட்டராவது இன்னும் ஒரு டஜன் உண்டு. வாபிட்டி துணி போர்த்திய விமானம் என்பதால் கூரைக்குள் அதற்கு முன்னுரிமை கிடைத்தது சரியே.

இது மூன்றாவது கேள்விக்குக் கொண்டுவருகிறது. அலுமினியம் துருப்பிடிக்காது என்ற பொதுவான எண்ணம் விமானங்களைப் பொறுத்தவரை சரியன்று. விமானத் தகடுகள் செம்பு கலந்த அலுமினியக் கலவையால் ஆனவை. வலிமைக்காகச் சேர்த்த அந்தச் செம்பே அரிமானத்துக்கும் வழிசெய்கிறது. இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ரிவெட் அடிக்கப்பட்ட இடுக்கில் ஈரம் புகுந்தால், வெளியே வண்ணம் பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே வெள்ளைத் தூளாக உதிரத் தொடங்கும். இரும்புத் திருகாணி அலுமினியத்தைத் தொடும் இடங்களில் இது இன்னும் வேகமாக நடக்கும். தில்லியின் தூசி, வடிகால் துளைகளை அடைத்துக்கொள்ளும். அதன் பிறகு மழை பெய்தால் இறக்கைக்குள்ளும் உடலின் அடிப்பகுதியிலும் தண்ணீர் தேங்கும். கோடை வெயிலில் டயர்களின் ரப்பர் வெடிக்கும். சுடும் மேடைகளின் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குமிழ்கள் மஞ்சளாகி மங்கும். ஒரு சிறு திறப்பு இருந்தாலும் பறவைகள் உள்ளே கூடுகட்டும். அவற்றின் எச்சம் உலோகத்தை அரிப்பதில் மழையைவிட மோசமானது.

வெளியில் நிற்பதற்கான காரணம் அலட்சியம் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. 33.5 மீட்டர் இறக்கையும் 20 மீட்டருக்கும் மேல் நீளமும் கொண்ட விமானத்தை நடுவில் தூண்கள் இல்லாமல் மூட வேண்டுமென்றால், வாசலே 35 மீட்டருக்குக் குறையாத அகலத்தில் இருக்க வேண்டும். பாலத்தில் உள்ள கூடம் சிறிய சண்டை விமானங்களை மனத்தில் வைத்து அமைந்தது. இறக்கையைக் கழற்றி உள்ளே கொண்டுபோய்ப் பூட்டலாமே என்று தோன்றும். அப்படிச் செய்தாலும் அந்தக் கூடத்தில் வேறு பத்து விமானங்களை வெளியேற்றாமல் இதற்கு இடம் கிடைக்காது.

ஆனாலும் நான்கு பக்கமும் சுவர் எழுப்பிக் குளிரூட்டிய கட்டடம் கட்டினால்தான் விமானத்தைக் காப்பாற்ற முடியும் என்பதில்லை. நேரடி வெயிலையும் மழையையும் தடுக்கும் உயர்ந்த உலோகக் கூரை ஒன்றே அரிமானத்தின் வேகத்தைப் பெருமளவு குறைத்துவிடும். பக்கங்கள் திறந்திருந்தால் காற்றோட்டமும் கிடைக்கும், ஈரம் தங்காது. அத்துடன் மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் வடிகால் துளைகளைச் சுத்தம் செய்வது, திறப்புகளுக்கு வலை கட்டுவது, டயர்மேல் பாரம் விழாதபடி தாங்கிகளில் நிறுத்துவது, ரிவெட் வரிசைகளைத் தட்டிப் பார்த்து அரிமானத்தை ஆரம்பத்திலேயே கண்டுபிடிப்பது என்று விமானப்படைத் தொழில்நுட்பர்களுக்கு நன்றாகத் தெரிந்த வேலைகள் இருக்கின்றன. அந்தக் கூரையைப் போட எடுத்துக்கொள்ளும் ஒவ்வோர் ஆண்டும், பின்னால் செய்ய வேண்டிய தகட்டு வேலையைக் கூட்டிக்கொண்டே போகும்.